வாய் மூடிய வன்தட்டு



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்திற்குச் செல்லும் சாலையின் இருமருங்கும் இன்று தொழிற்சாலைகளே கண்ணிற்படும். முன்பு அங்கே ஏரிப்பாசன வயல்கள் இருந்தன. அப்பகுதிப் பள்ளியொன்றில் ஆசிரியனாகப் பணியாற்றிய யான், வல்லம், வடகால், மாத்தூர் முதலிய ஊர்களில் வாழ்ந்த முதியோரின் நடவுப் பாட்டுகளையும், மடைகளுக்கு அவர்கள் வழங்கிய பெயர்களையும் மாணவர் துணையோடு ஒலிப்பதிவு செய்து வந்தேன். பத்தாண்டுக் காலப் பதிவுகள் அனைத்தையும் உள்ளங்கை அளவுள்ள ஒரே ஒரு பெட்டியில் வைத்திருந்தேன். அதுதான் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டு. ஒன்றிலேயே வைத்தது என் மடமை.

ஒருநாள் அதனைக் கணினியில் இணைத்தேன். வட்டு தோன்றவில்லை. மீண்டும் இணைத்தபோது, 'இவ்வட்டைப் புதிதாக வடிவமைக்க வேண்டும், செய்யலாமா?' என்று கணினி வினவியது. உடன்பட்டிருந்தால் அவ்வளவும் போயிருக்கும். நல்லவேளையாக என் கை நடுங்கியது; பெட்டியைக் கழற்றிவிட்டேன்.

என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் அருகிலுள்ள மின்னணுத் தொழிற்சாலையொன்றில் இரவுப் பணி பார்ப்பவர். செய்தி கேட்டதும் வந்தார். "சார், முதலில் கம்பியைப் பார்ப்போம்" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. உயிர் போகிறதென்று மருத்துவரை அழைத்தால், அவர் செருப்பின் வாரைப் பார்க்கிறாரே என்று எண்ணினேன்! ஆனால் அவர் சொன்னது சரியே. இவ்வகைப் பெட்டிகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தை யு.எஸ்.பி. கம்பி வழியாகவே பெறுகின்றன. பழைய யு.எஸ்.பி. 2.0 வாயில் தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியரே, யு.எஸ்.பி. 3.0 தருவது 900. நின்றிருக்கும் தட்டைச் சுழலச் செய்யும் கணத்தில் மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும். கம்பி நைந்திருந்தால் தட்டு சுழலாமலே சோர்ந்துவிடும். குட்டையான புதுக் கம்பியால், கணினியின் பின்புற வாயிலில் இணைத்தார். வட்டு தோன்றியது! ஆனால் கோப்புகள் ஆமை போல் நகர்ந்தன. எப்போதாவது 'டிக்' என்றோர் ஓசையும் கேட்டது.

அவ்வோசையின் பொருளை அறிய, பெட்டியின் உள்ளமைப்பை அறிதல் வேண்டும். காந்தப் பூச்சுடைய தட்டு நிமிடத்திற்கு 5400 முறை சுழல்கிறது. அதன் விளிம்பு மணிக்கு ஏறக்குறைய 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நம் சாலையில் லாரி ஓடும் வேகந்தான். அதன்மேல், தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. தலைமயிரின் பருமனோ பல்லாயிரம் நானோமீட்டர்! தூசு ஒன்று புகுந்தாலும் அது முனைக்கு மலை போன்றது. ஆகவே வீட்டில் பெட்டியைத் திறத்தல் ஆகாது. குளிர்பெட்டியில் வைத்தால் பிழைக்கும் என்பாரும் உளர். வெளியே எடுத்ததும் நீர்த்துளி படிந்து உள்ளதும் கெடும். முனை தன் தடத்தைக் காணாது மீண்டும் மீண்டும் தேடும்போது எழுவதே அந்த 'டிக்' ஓசை. அது இடைவிடாது ஒலித்தால் உடனே மின்சாரத்தை நிறுத்தி, தூசற்ற அறையுடைய வல்லுநரிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

எங்கள் வட்டு அந்நிலையை எய்தவில்லை. ஸ்மார்ட் என்னும் தன்னாய்வுக் குறிப்பைத் திறந்து பார்த்தார். படிக்க இயலாத கூறுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. "பழுது பார்க்கும் கருவியை இப்போது ஓட்டக்கூடாது சார். அது வட்டை அலைக்கழிக்கும். அதிலேயே எழுதவும் செய்யும். முதலில் படியெடுப்போம்" என்றார். எனக்கு உ. வே. சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். செல்லரித்த சுவடிகளைத் தேடித் தேடிப் படியெடுத்துக் காத்தவர் அவர். 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியதும் அவ்வாறு உழைத்தமையால் அன்றோ?

இளைஞர் லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்கியூ என்ற கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்தார். அதன் தந்திரம் எளியது. முரண்டு பிடிக்கும் இடத்தில் மல்லாடாமல் தாண்டிச் சென்று, நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும். விட்ட இடங்களைக் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும். இடையில் நின்றாலும் குறிப்பைக் கொண்டு தொடரும். படியை ஏற்கும் வட்டு பழையதைவிடச் சிறியதாக இருத்தல் கூடாது. புதிதாக ஒன்று வாங்கினேன். நலமான வட்டாயின் சில மணி நேரத்தில் முடியும் வேலை, இரண்டு இரவு நீடித்தது. மின்விசிறியை எதிரே வைத்துவிட்டு யான் விழித்திருந்தேன். அதனால் பயனொன்றுமில்லை என்பது வேறு.

பெரும்பாலான பதிவுகள் மீண்டன. மீளாதவற்றுள் வடகாலைச் சேர்ந்த பாட்டி ஒருவரின் நடவுப் பாட்டும் ஒன்று, பாதியில் அறுந்துபோயிற்று. இரண்டு படிகள் எடுத்து, ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றை என் தங்கை வீட்டிலும் வைத்த பிறகு, அந்தப் பாட்டியைத் தேடிப் போனேன். அவர் மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. அவர் மகள் வாசலில் அமர்ந்து முதற் பாதியைக் கேட்டார். பின்பு, "மிச்சம் எனக்குக் கொஞ்சம் தெரியும், சார்" என்று சொல்லித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.