பிரேக் இல்லாத வண்டி, பென்சில் பிடித்த கை



இந்த மேடையில் வழக்கமாகக் கல்வி, குடும்பம், மொழி என்றுதான் பேசுவார்கள். என்னிடம், "உங்களுக்குப் பிடித்த விளையாட்டு எதைப் பற்றியாவது பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். பூப்பந்து, காற்பந்து என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் ஸ்பீட்வே என்றேன். தயாரிப்பாளர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அது என்ன, சாலை போடும் குத்தகையா?" என்று கேட்டார். அவர்மேல் குற்றமில்லை. மோட்டார்சைக்கிள் பந்தயம் என்றாலே நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நள்ளிரவில் நெடுஞ்சாலையில் படுத்துக்கொண்டு ஓட்டும் ரெம்பிட் பையன்கள்தான் நினைவுக்கு வருவார்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு செப்பாங் ஓடுதளம். ஸ்பீட்வே இரண்டிலும் சேராது.

என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 300 மீட்டர் சுற்றளவுள்ள முட்டை வடிவ மண் ஓடுதளம். நான்கு பேர் ஓட்டுவார்கள். சிவப்பு, நீலம், வெள்ளை, மஞ்சள் என்று தலைக்கவசத்தின் நிறத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இடப்பக்கமாக நான்கு சுற்று. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் வந்தவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குப் பூஜ்யம்.

வண்டியைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 500 சிசி எஞ்சின், ஒரே சிலிண்டர், எரிபொருள் மெத்தனால். ஒரே ஒரு கியர். பிரேக் கிடையாது. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. குறைந்தபட்ச எடை 77 கிலோ; ஒரு சராசரி மனிதனின் எடைதான். நின்ற இடத்திலிருந்து கிளம்பி மூன்று வினாடிக்குள் நூறு கிலோமீட்டர் வேகத்தை நெருங்கிவிடும்.

பிரேக் இல்லாமல் எப்படித் திரும்புவது? அங்கேதான் வித்தை இருக்கிறது. வளைவு வந்ததும் ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பதில்லை. பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்க விடுகிறார். வண்டி பக்கவாட்டில் சரிந்துகொண்டே போகும். இடப்பக்கம் திரும்ப வேண்டிய வண்டியின் முன்சக்கரம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். இடது காலில் ஓர் எஃகுத் தகடு மாட்டியிருப்பார்கள். அந்தக் காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே வளைவைக் கடப்பார்கள். பின்சக்கரம் வாரியிறைக்கும் மண் பின்னால் வருபவரின் முகத்தில் அடிக்கும். அவர் கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளைக் கிழித்தெறிந்துவிட்டுத் தொடர்வார். எதிரும் புதிருமாக நான்கு வண்டிகள் இப்படிச் சரிந்து போகும்போது, இடையில் ஒரு கையகல இடம்கூட இருக்காது.

1923 டிசம்பர் 15-ல் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்ட் ஊரில், மின்விளக்கு வெளிச்சத்தில் நடந்த கேளிக்கை விழாவில்தான் இது தொடங்கியது என்று சொல்லும் வழக்கம் உண்டு. ஏற்பாடு செய்தவர் ஜானி ஹாஸ்கின்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர். அதற்கு முன்பே வேறு ஊர்களில் நடந்தது என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு எனக்கு வேண்டாம். 1928 பிப்ரவரி 19-ல் லண்டனுக்கு வெளியே ஹை பீச் என்ற காட்டுப்பகுதியில், கிங்ஸ் ஓக் என்ற மதுக்கடைக்குப் பின்னால் பந்தயம் நடந்தது. சில ஆயிரம் பேரை எதிர்பார்த்த இடத்தில் பல்லாயிரம் பேர் வந்து நின்றார்கள். பிறகு பிரிட்டன் முழுவதும் பற்றிக்கொண்டது.

இந்த விளையாட்டைப் பார்க்கப் போகிறவர்கள் கையில் நிகழ்ச்சி நிரலும் ஒரு பென்சிலும் இருக்கும். ஒவ்வோர் ஓட்டம் முடிந்ததும் கட்டத்தில் புள்ளியை எழுதிக் கூட்டிக்கொண்டே வருவார்கள். பாட்டன், பேரன் எல்லாரும் எழுதுவார்கள். நான் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதையே செய்கிறேன். ஐரோப்பாவில் சனிக்கிழமை மாலை ஏழு மணி என்றால், கோடைக்காலத்தில் நமக்கு ஞாயிறு அதிகாலை ஒரு மணி. "இந்த நேரத்தில் என்ன கணக்குப் பாடம்?" என்று அம்மா அறைக்குள்ளிருந்து கேட்பார்.

கணக்குப் பாடம்தான். இந்த விளையாட்டின் பெரிய சண்டைகள் எல்லாம் கணக்கிலேதான் வந்திருக்கின்றன.

முதல் உலக வாகையர் இறுதிப்போட்டி 1936-ல் லண்டன் வெம்பிளி அரங்கில் நடந்தது. பதினாறு பேர், ஒவ்வொருவரும் ஐந்து முறை ஓட வேண்டும், ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் ஒரு முறை சந்தித்துவிடுவார்கள். அழகான ஏற்பாடு. அன்றிரவு ஆஸ்திரேலியாவின் புளூயி வில்கின்சன் ஐந்து ஓட்டத்திலும் முதலாவதாக வந்தார். 15-க்கு 15. யாராலும் அவரைத் தோற்கடிக்க முடியவில்லை. ஆனால் அவர் உலக வாகையர் ஆகவில்லை! தகுதிச் சுற்றுகளில் பெற்ற ஊக்கப் புள்ளிகளையும் சேர்ப்பது என்று ஒரு விதி. அதைக் கூட்டியபோது லயனல் வான் பிராக் 26, எரிக் லாங்டன் 26, வில்கின்சன் 25. சமநிலையில் இருந்த இருவரும் மீண்டும் ஓடி, வான் பிராக் வென்றார். ஓர் ஓட்டத்தில்கூடத் தோற்காதவர் மூன்றாம் இடத்தில் நின்றார்.

வில்கின்சன் 1938-ல் காயத்தோடு ஓடி அந்தப் பட்டத்தை வாங்கிவிட்டார். இரண்டே ஆண்டில், 1940-ல், சிட்னியில் சாதாரணச் சாலை விபத்து ஒன்றில் இறந்துபோனார். பிரேக் இல்லாத வண்டியில் இத்தனை வருடம் தப்பித்த மனிதர்.

வான் பிராக்கின் கதை நம் வட்டாரத்துக்கு வருகிறது. போரில் அவர் ஆஸ்திரேலிய விமானப் படையில் விமானியாகச் சேர்ந்தார். 1942-ல், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாத் தீவுக்கு அருகில், அவர் சென்ற விமானத்தை ஜப்பானியர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். காயம்பட்ட சகாக்களைத் தாங்கிப் பிடித்தபடி, சுறாக்களை விரட்டிக்கொண்டு, பல மணி நேரம் கடலில் கிடந்து கரை சேர்ந்தார். அதற்காக அவருக்கு ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1936 கணக்கில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. ஆனாலும் வான் பிராக்கின் பெயரைப் பார்த்தால் கோபம் வருவதில்லை.

போருக்குப் பிந்தைய காலம் பொற்காலம். 1949 வெம்பிளி இறுதிப்போட்டிக்கு 90,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். சுவீடனின் ஓவே ஃபுண்டின் ஐந்து முறை பட்டம் வென்றார். நியூசிலாந்தின் ஐவன் மோகர் ஆறு முறை வென்றார். மோகரின் வாழ்க்கை எனக்குப் பிடித்த வாழ்க்கை. இளவயதில் 1957-ல் இங்கிலாந்துக்கு வந்தார், எடுபடவில்லை, ஊருக்குத் திரும்பினார். 1963-ல் மறுபடி வந்தார். 1968, 1969 என இரண்டு பட்டங்களை வாங்கிய பிறகு, அமெரிக்க ரசிகர்கள் இருவர் ஒரு பந்தயம் கட்டினார்கள்: மூன்றாவதையும் தொடர்ந்து வென்றால் உன் வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருகிறோம். 1970-ல் போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் வென்றார். அவர்களும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

இதே மோகர்தான் 1973-ல் போலந்தின் ஹோஜூஃப் நகரில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் முன்னால், எர்ஜி ஷாகியல் என்ற உள்ளூர் வீரருடன் சமநிலையில் முடித்து, முடிவு ஓட்டத்தில் கீழே விழுந்தார். போலந்துக்கு முதல் பட்டம். அடுத்த பட்டத்துக்கு அந்த நாடு 2010 வரை, தோமாஷ் கோலோப் வரும்வரை, 37 ஆண்டுகள் காத்திருந்தது. போலந்து மொழியில் இந்த விளையாட்டின் பெயரே 'ஜூஜெல்', அதாவது உலைக்கசடு. ஓடுதளத்தில் கொட்டும் கசடுதான் விளையாட்டுக்கே பெயர். அங்கே லெஷ்னோ, கோஜூஃப், ஜெலோனா கூரா போன்ற ஊர்களில் காற்பந்துக்கு இணையாக இதைக் கொண்டாடுகிறார்கள். டோருன் நகரில் 2009-ல் இதற்கென்றே ஓர் அரங்கம் கட்டினார்கள்.

நீள்தடப் பந்தயத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது ஸ்பீட்வேயின் அண்ணன். ஓடுதளம் 1,000 மீட்டர் வரை போகும். பல இடங்களில் குதிரைப் பந்தயத் திடலிலேயே நடத்துவார்கள். வண்டிக்கு இரண்டு கியர், வேகம் இன்னும் அதிகம். பிரேக் மட்டும் இங்கேயும் கிடையாது. ஜெர்மனிதான் இதன் தாய்வீடு. ஹெர்க்ஸ்ஹைம் ஊரில் இயேசு விண்ணேற்றத் திருநாளன்று பந்தயம் நடப்பது மரபு. ஜெர்மனியின் கெர்ட் ரிஸ் எட்டு முறை உலக வாகையர். இங்கிலாந்தின் சைமன் விக் ஐந்து முறை வென்றார். ஓடுதளத்தில் அல்ல, மூளைக் கட்டியால் 2000-ல் காலமானார். எகோன் முல்லர் என்ற இன்னொரு ஜெர்மானியர் நீள்தடத்தில் மூன்று பட்டம், 1983-ல் ஸ்பீட்வேயிலும் பட்டம், போதாததற்குப் பாடகராக இசைத்தட்டும் வெளியிட்டார். வெளிச்சம் பிடித்த மனிதர். நிகழ்ச்சித் தொகுப்பாளர்களுக்கு இப்படிப்பட்டவர்கள்தான் வேண்டும்.

இனி, கொஞ்சம் கடினமான பகுதி.

பீட்டர் கிரேவன் என்று ஓர் ஆங்கிலேயர். சிறிய உருவம். 1955-லும் 1962-லும் உலக வாகையர். மான்செஸ்டரின் பெல் வியூ அணிக்கு ஓடியவர். 1963 செப்டம்பரில் எடின்பரோவில், முன்னால் விழுந்த ஒருவர்மேல் ஏறிவிடக் கூடாது என்று வண்டியைத் திருப்பினார். தடுப்பில் மோதினார். நான்கு நாள் கழித்து உயிர் போனது. வயது 29.

2015 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவின் டார்சி வார்டு, இரண்டு முறை 21 வயதுக்குட்பட்டோர் உலக வாகையர், ஜெலோனா கூராவில் விழுந்தார். முதுகுத்தண்டு போனது. 23 வயதில் சக்கர நாற்காலி. நான் சற்று முன் சொன்ன தோமாஷ் கோலோப்? 2017-ல் மோட்டோகிராஸ் ஓட்டும்போது விழுந்து அவரும் முடமானார்.

நான் ஊடகம் படித்தவள். விபத்துக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் பார்வையாளர் கூடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். ஆகவே என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன்: அதிகாலை ஒரு மணிக்கு விழித்திருந்து நான் எதைப் பார்க்கக் காத்திருக்கிறேன்? யாராவது விழுவதையா? விழும்போது கை தானாக வாயைப் பொத்திக்கொள்கிறது. கண் மட்டும் திரையை விட்டு நகருவதில்லை. இதை மறைத்து, "விளையாட்டின் அழகுக்காக மட்டுமே பார்க்கிறேன்" என்று இந்த மேடையில் சொன்னால் அது பொய்.

எனக்குக் கொஞ்சம் நிம்மதி தருவது, ஓட்டுபவர்கள் இப்போது வாய் திறக்கிறார்கள் என்பதுதான். 2015-ல் வார்சா தேசிய அரங்கில் முதல் கிராண்ட் பிரி. கோலோப்பின் பிரிவு விழா. 50,000 பேர் கூடியிருந்தார்கள். தொடக்கக் கயிற்றுக் கருவி சரியில்லை, தரையும் சரியில்லை. 12 ஓட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள். 2016-ல் மான்செஸ்டரில் பெல் வியூ அணி புதிய அரங்கத்தில் முதல் போட்டியைப் பீட்டர் கிரேவன் நினைவாக அறிவித்தது. ஓடுதளம் பாதுகாப்பாக இல்லை என்று வீரர்கள் சொன்னார்கள். போட்டி ரத்து. சீட்டு வாங்கியவர்களுக்குக் கோபம் இருந்திருக்கும். கிரேவன் பெயரில் நடக்கவிருந்த போட்டிக்கு வேறென்ன மரியாதை செய்ய முடியும் என்று நான் நினைத்தேன். இப்போது வளைவுகளில் காற்றடைத்த தடுப்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் கட்டிய கயிறு, ஆள் விழுந்ததும் எஞ்சினை அணைத்துவிடும்.

பிரிட்டனில் அரங்கங்கள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. பெல் வியூவின் பழைய ஹைட் ரோடு திடல் 1987-ல் போனது. கோவென்ட்ரி அணியின் பிராண்டன் 2016-ல். பீட்டர்பரோவும் வூல்வர்ஹாம்டனும் 2023-ல். நிலத்தின் விலை ஏறிய இடத்தில் வாரம் ஒரு நாள் மண்ணைக் கிளறும் விளையாட்டுக்கு யார் இடம் கொடுப்பார்கள்? நம் ஊர்த் தோட்டத்துத் திடல்களை நினைத்துக்கொண்டேன். விவரம் உங்களுக்கே தெரியும்.

1995-லிருந்து ஒரே இரவு இறுதிப்போட்டி இல்லை. ஆண்டு முழுவதும் பல நகரங்களில் கிராண்ட் பிரி நடத்திப் புள்ளியைக் கூட்டுகிறார்கள். நியாயமான முறை என்கிறார்கள். ஆனால் 2000-ல் மார்க் லோரம் ஒரு கிராண்ட் பிரியில்கூட வெல்லாமலே உலக வாகையர் ஆனார்! வில்கின்சன் எல்லாவற்றையும் வென்று தோற்றார். லோரம் எதையும் வெல்லாமல் வென்றார். 2023-ல் போலந்தின் பார்தோஷ் ஸ்மர்ஸ்லிக், தகுதிச் சுற்றில் விதிக்கு மாறான உடையில் ஓடினார் என்று ஒரு சுற்றையே இழந்தார். கடைசிச் சுற்றில் டோருனில் வந்து பட்டத்தை மீட்டார்.

2025-ஐ நான் மறக்க மாட்டேன். ஆஸ்திரேலியாவின் பிரேடி கர்ட்ஸ் தொடர்ந்து ஐந்து கிராண்ட் பிரிகளை வென்றார். டென்மார்க்கின் வோயன்ஸில் கடைசி இறுதி ஓட்டம். அதிலும் அவர்தான் முதல். இரண்டாவதாக வந்தவர் ஸ்மர்ஸ்லிக். என் பென்சில் இரண்டு முறை கூட்டியது. ஸ்மர்ஸ்லிக்குக்கு ஒரு புள்ளி அதிகம். அவருக்கு ஆறாவது பட்டம். மோகருக்கும் சுவீடனின் டோனி ரிக்கார்ட்சனுக்கும் இணையாக நின்றார். பந்தயத்தை வென்ற கர்ட்ஸ் மேடையில் இரண்டாம் படியில் நின்றார். எனக்கு 1936-ன் வில்கின்சன் ஞாபகம் வந்தார். நேரம் அதிகாலை. யாரிடம் சொல்வது? அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "யாருக்கும் அடிபடவில்லையே?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நீங்களும் ஒருநாள் பார்ப்பதாக இருந்தால், முடிவுக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கயிறு மேலே போனதும் முதல் வளைவைப் பாருங்கள். பாதி ஓட்டம் அங்கேயே முடிந்துவிடும். பென்சிலை மட்டும் முன்கூட்டியே சீவி வைத்துக்கொள்ளுங்கள்.