தீயல் யாருடையது?

காரக்கோணம் முதல் நாகர்கோவில் வரை உணவுக்கடைகளைச் சுவைத்து மதிப்பிடுவதென்று நண்பர் இருவர் புறப்பட்டோம். ஒருவர் காரக்கோணத்தார்; மற்றவர் நாகர்கோவிலார். முதற்கடையிலேயே பூசல் மூண்டது. வறுத்த தேங்காயை அரைத்து வைத்த தீயல் எம்முடையது என்றார் ஒருவர்; இல்லை, எம்முடையதே என்றார் மற்றவர். களியக்காவிளையில் மாநில எல்லையைக் கடந்தோம். பூசலும் உடன் வந்தது. நாகர்கோவிலிலும் இலையில் அதே தீயல்! கடைக்காரர் பணம் கேட்டபோது மட்டும் இருவரும் 'உம்முடையது' என்றோம்.

1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும் அடுக்களையில் எவரும் கோடு கிழிக்கவில்லை. பிற மாநிலங்களில் வாழும் நீங்களும் அண்டைவீட்டுக் கிண்ணத்தில் நம் ஊர்மணம் கண்டால், யாருடையது என்று வழக்காடாதீர்கள்; உண்டு மகிழுங்கள்.