மாலை போட்ட பிள்ளை பட்டம் வாங்கியதா?

(வரக்காப்பொல பகுதித் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், பெற்றோர் கூடிய கூட்டத்தில் தோட்டத்தில் பிறந்த பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



காலையில் மழை. பால்வெட்டு இல்லை. அதனால்தான் மண்டபம் நிறைந்திருக்கிறது என்று தலைவர் காதோடு சொன்னார். ஒரு நாள் பேர் போன கவலையோடு வந்திருப்பீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உயர்தரப் பெறுபேறு வந்து, நம் தோட்டத்துப் பிள்ளை ஒன்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் நாம் என்ன செய்கிறோம்? கோயிலில் கூப்பிட்டு மாலை போடுகிறோம். சந்தியில் பெனர் கட்டுகிறோம். சங்கப் பத்திரிகையில் படம் வருகிறது. நல்லது, செய்யத்தான் வேண்டும். இப்போது ஒரு கேள்வி. ஐந்து வருடத்துக்கு முன்னால் மாலை போட்ட பிள்ளை பட்டம் வாங்கியதா? இங்கே உட்கார்ந்திருக்கும் தலைவர்மாரில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். (நான்கைந்து கைகள் உயர்ந்தன.) பரவாயில்லை, நான் நினைத்ததைவிடக் கூடத்தான்.

ஏன் கேட்கிறேன் என்றால், நான் போன வருடத்தில் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஒரே பல்கலைக்கழகத்துக்குப் போனோம். நான் ஒருவன். மற்றவன் எனக்குப் பக்கத்து லயத்துக்காரன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். இரண்டு பேருக்கும் ஒரே மேடையில் மாலை போட்டார்கள். நான் இன்று ஆசிரியன். அவன் இரண்டாவது வருடத்துக்குப் போகவே இல்லை. இன்று கொழும்பில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறான். ஏன் வந்துவிட்டான் என்று தோட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கேட்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில்தான் சொன்னான். முகாமைத்துவ பீடம், படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில். முதல் பரீட்சையில் இரண்டு பாடம் சித்தியில்லை. அதோடு தன்னை வெளியே போட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். திரும்ப எழுதலாம் என்பது அவனுக்குத் தெரியாது. கேட்க வெட்கம். பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

அவ்வளவுதான் காரணம். ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாமல் ஒரு பட்டம் போனது.

அந்த இடம் எவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் நுவரெலியா இருக்கிறது, பதுளை இருக்கிறது. நமது கேகாலை இல்லை. ஆகவே இங்குள்ள தோட்டப் பிள்ளை கேகாலை நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளைகளோடு அதே இசட் புள்ளியில் மோத வேண்டும். விஞ்ஞானம், கணிதம் தமிழில் படிக்க வேண்டுமென்றால் பல பிள்ளைகள் ஊரை விட்டுத்தான் போகிறார்கள். சிலர் சிறுவயதிலிருந்தே சிங்கள மொழியில் படிக்கிறார்கள். இவ்வளவையும் தாண்டிப் பிடித்த இடத்தை ஒரு பிள்ளை முதல் வருடத்திலேயே விட்டுவிட்டு வந்தால், அதன்பின் அந்த இடத்தில் இன்னொரு பிள்ளை போய் உட்கார முடியாது. நாற்காலி வெறுமனே கிடக்கும்.

இலவசப் படிப்புத்தானே, பிறகு ஏன் விட்டு வருகிறார்கள் என்று கேட்பீர்கள். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இன்றும் பல்கலைக்கழகம் வரை இருக்கிறது. வகுப்புக்குக் கட்டணம் இல்லை. (அன்று அது நம் லயங்களின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். அது வேறு கதை, இன்னொரு நாள் பேசுவோம்.) கட்டணம் இல்லை, ஆனால் வயிறு இருக்கிறது. பஸ் இருக்கிறது. போட்டோ கொப்பி, போன் டேட்டா, லெப்டொப் இருக்கிறது. பல பல்கலைக்கழகங்களில் முதல் வருடமும் கடைசி வருடமும்தான் விடுதி நிச்சயம். நடுவில் வெளியே அறை எடுக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி நாள் சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் 25 நாள் முழுப்பேர் விழுந்தால் 33,750. இறப்பர் தோட்டத்தில் 25 நாள் வெட்டு எந்த மாதம் கிடைக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். சேமலாப நிதி, அட்வான்ஸ், சந்தா, கோயில் காசு எல்லாம் கழிந்து கைக்கு வருவது உங்களுக்குத் தெரியும். மகாபொல புலமைப்பரிசில் 5,000 ரூபாவாக இருந்தது. 2025 ஏப்ரலில் 7,500 ஆனது. மகாபொல கிடைக்காதவர்களுக்கான பர்சரி 4,000இலிருந்து 6,500 ஆனது. வருடத்துக்குப் பத்துத் தவணை. ஆக அந்தக் கணக்கில் மகாபொல வருடம் முழுவதற்கும் 75,000 ரூபா. இது பெரிய உதவிதான். ஆனால் பிள்ளை பதிவு செய்த அன்று அது வராது. முதல் தவணை கைக்கு வரச் சில மாதம் போகும்.

அந்தச் சில மாதத்தில்தான் நம் பிள்ளைகள் உடைகிறார்கள். நானும் உடைந்தேன். மூன்றாவது மாதம், "நான் வாறேன், கடையில வேலைக்குச் சேத்து விடுங்க" என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. தோட்டத் தலைவரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். தலைவர் அன்று மாலையே லயம் லயமாகப் போயிருக்கிறார். ஐம்பதும் நூறுமாகச் சேர்ந்த காசு அடுத்த வாரம் மணியோடரில் வந்தது. கூடவே ஒரு துண்டுக் கடிதம். "தம்பி, இந்தப் பக்கம் வந்திறாத" என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தத் தலைவர் இன்று இல்லை. அவர் செய்தது தனி மனிதரின் நல்ல மனதோடு போய்விடக் கூடாது, அதைச் சங்கத்தின் வேலையாக ஆக்க வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே வந்து நிற்கிறேன்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்தில் ஜோர்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம் என்று ஓர் அரச பல்கலைக்கழகம் இருக்கிறது. கறுப்பின, ஏழை மாணவர்கள் நிறையப் படிக்கும் இடம். 2003இல் பார்த்தால், அங்கே சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 32 பேர்தான் ஆறு வருடத்துக்குள் பட்டம் பெற்றிருந்தார்கள். யார் விட்டுப் போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கணக்கு எடுத்தார்கள். சில நூறு டொலர் கட்டணப் பாக்கிக்காகப் பெயர் வெட்டுப்பட்டுப் போகும் பிள்ளைகள் ஏராளம் என்று தெரியவந்தது. 2011இலிருந்து அந்தச் சின்னப் பாக்கியைத் தாங்களே கட்டத் தொடங்கினார்கள். ஒரு பாடத்தில் புள்ளி சறுக்கினால் ஆலோசகர் பிள்ளையைத் தேடிப் பிடிப்பார். சில வருடங்களில் பட்டம் பெறுவோர் வீதம் ஐம்பதைத் தாண்டியது. கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையர்களுக்குச் சமமாகப் பட்டம் பெறுகிறார்கள். அவர்களிடம் கணினி இருக்கிறது, நம்மிடம் இல்லை. ஆனால் ஒரு தோட்டத்தில் இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளை. அதற்குக் கணினி எதற்கு? ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கலைப்பிரிவைச் சில பல்கலைக்கழகங்களில் தமிழில் படிக்கலாம். மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம், முகாமைத்துவம் எல்லாம் ஆங்கிலத்தில்தான். பெலிஹுல்ஓயாவில் இருக்கும் நமது மாகாணத்துச் சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்திலும் பெரும்பாலும் அப்படித்தான். முதல் பரீட்சையில் சறுக்குவது தோட்டப் பிள்ளை மட்டுமில்லை, நகரத்துப் பிள்ளையும் சறுக்கும். அவர்களுக்கு ரிப்பீட் என்று ஒன்று இருப்பது அண்ணன் அக்கா மூலம் தெரியும். பெரும்பாலான பீடங்களில் திரும்ப எழுதினால் சி தரத்துக்கு மேல் தரமாட்டார்கள், வகுப்புச் சித்தி போகலாம். ஆனால் பட்டம் போகாது. பிள்ளைகளே, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நோய் வந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும் சொல்லாமல் வரவேண்டாம். பீடாதிபதிக்கு எழுதி விடுமுறை எடுக்கலாம், அடுத்த வருடத்தில் தொடரலாம். சும்மா வந்துவிட்டால் பரீட்சை எழுதத் தேவையான வரவு போய்விடும், மகாபொல தவணையும் நின்றுவிடும்.

அம்மாமாரிடம் கொஞ்சம் கோபமாகவே ஒன்று சொல்கிறேன். மூத்த பிள்ளை பெண் பிள்ளையாக இருந்தால், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றாலும் அவளுக்குத்தான் போன் போகிறது. தங்கச்சி பெரிய மனுசியானாலும் சடங்குக்கு அவள் ஒரு கிழமை முன்னதாகவே வந்து நிற்க வேண்டும். பரீட்சை நேரம் என்று சொன்னால், "படிச்சது போதும், இனி என்ன" என்கிறோம். ஆண் பிள்ளைக்கு அந்தப் போன் போவதில்லை. யோசித்துப் பாருங்கள்.

பகிடிவதையைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. 1997இல் பேராதனைப் பொறியியல் பீடத்தில் ஒரு தமிழ் மாணவன் பகிடிவதையால் செத்துப்போனான். அடுத்த வருடமே, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தால் சிறை. சட்டம் வந்தும் அது ஒழியவில்லை. "எல்லாரும் தாங்கிக்கிறாங்க, நீயும் தாங்கிக்க" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். பிள்ளை போனில் குரல் மாறிப் பேசினால் என்ன என்று கேளுங்கள். மாணவ ஆலோசகர் இருக்கிறார், விடுதிப் பொறுப்பாளர் இருக்கிறார், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கே முறைப்பாடு செய்யலாம். பெற்றோர் தயங்கினால் சங்கம் எழுதட்டும். துரைக்குக் கடிதம் எழுதத் தெரிந்த சங்கத்துக்கு உபவேந்தருக்கு எழுத முடியாதா?

தலைவர்மாருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. புலமைப்பரிசிலுக்கு வருமானச் சான்று வேண்டும், கிராம உத்தியோகத்தரின் கையெழுத்து வேண்டும், தோட்டக் காரியாலயத்தின் சம்பளக் கடிதம் வேண்டும். இந்தக் கடிதத்துக்கு ஒரு தாய் மூன்று நாள் பேரை விட்டுவிட்டு ஒபிசு வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தலைவர் போய்க் கேட்டிருந்தால் ஒரு மணித்தியால வேலை. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இந்திய உயர்ஸ்தானிகராலயத்தின் ஊடாகக் கிடைக்கும் கல்வி நிதியப் புலமைப்பரிசிலும் இருக்கிறது. உயர்தர மாணவருக்கும் பல்கலைக்கழக மாணவருக்கும் உண்டு. விளம்பரம் பத்திரிகையில் வரும். பத்திரிகை தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் திகதி முடிந்துவிடும். பகுதிக் காரியாலயத்தில் அதை வெட்டி ஒட்ட ஒரு ஆளை இன்றே பொறுப்பாக்குங்கள்.

இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் திறக்கும்வரை நீண்ட காலம். கொரோனாவுக்குப் பிறகு அது இன்னும் நீண்டது. 2024 மே மாதம் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கியபோதும் வாரக்கணக்காக எல்லாம் நின்றது. அவர்கள் உரிமைக்காக நின்றார்கள், தொழிற்சங்க மேடையில் நின்றுகொண்டு அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த இடைவெளியில் நம் பையன் கொழும்புக் கடைக்குப் போகிறான், பெண் பிள்ளை கார்மென்ட்ஸுக்குப் போகிறாள். கையில் சம்பளம் புழங்குகிறது, வீட்டுக் கடன் கொஞ்சம் அடைகிறது. பதிவுக் கடிதம் வரும்போது அந்தச் சம்பளத்தை விட வீட்டுக்கு மனம் வருவதில்லை. வேலைக்குப் போகட்டும், தப்பில்லை. போகிற பிள்ளை மாதம் ஆயிரம், இரண்டாயிரம் தன் பெயரில் வங்கியில் போட்டு வைக்கட்டும். மகாபொல வரும்வரை அந்தக் காசுதான் சோறு.

நேரம் போய்விட்டது, வெளியே மழையும் விட்டுவிட்டது. கூட்டம் முடிந்ததும் அந்தத் தேத்தண்ணி மேசைப் பக்கம் ஒரு கொப்பியோடு உட்கார்ந்திருப்பேன். உங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெயர், எந்தப் பல்கலைக்கழகம், எத்தனையாவது வருடம், மகாபொல வருகிறதா இல்லையா, இந்த நான்கையும் சொல்லிவிட்டுப் போங்கள். நடுவில் விட்டு வந்த பிள்ளைகளின் பெயரையும் சொல்லுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்குள் வந்தவர்களாக இருந்தால், திரும்பச் சேர வழி இருக்கிறதா என்று பீடத்துக்கு எழுதிக் கேட்கலாம். கடிதம் நான் எழுதித் தருகிறேன்.