பத்தொன்பதில் நிறுத்தாதீர்கள்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



1996 இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்த காலம். 2 இன் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்து 3, 7, 31, 127 என்று எழுதினார் கணித ரீச்சர். எல்லாம் முதன்மை எண்கள். "11 ஆம் வலுவில் வரும் 2047?" என்று கேட்டார். நான் 19 வரை வகுத்துவிட்டு, "அதுவும்தான்" என்றேன். பக்கத்தில் இருந்த தோழி அடுத்த முதன்மை எண்ணாலும் வகுத்தாள்: 23 × 89. வர்க்கமூலமான 45 வரை பார்க்காமல் முடிவு சொல்லக்கூடாது என்றார் ரீச்சர்.

வகுத்து முடிக்க இயலாத பெரிய எண்களுக்கும் வழி உண்டு. 1876 இல் பிரான்சின் லூக்கா, 127 ஆம் வலுவில் வரும் 39 இலக்க எண் முதன்மை எண்ணே என்று இயந்திரமின்றி நிறுவினார். அவர் காரணி தேடவில்லை. வர்க்கித்து, 2 ஐக் கழித்து, மீதி எடுக்கும் ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்தார். 2024 இல் கண்ட 41,024,320 இலக்க எண்ணுக்கும் அடிப்படை அதுவே.

23 ஐக் கண்டவள் இன்று எங்களிடையே இல்லை. உயர்தரத்தில் கணிதம் தங்களுக்கு வராது என்று ஒதுங்கும் எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்காகவே அவளை நினைவுகூருகிறேன். எந்த நாட்டில் இருந்தாலும், ஒரு பிள்ளையிடமாவது சொல்லுங்கள்: "இன்னும் ஒரு எண்ணைப் பார், பிள்ளை."