நாற்பத்தொன்பதாவது நாள்



கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் தாம்பரம் பக்கம் தெருவே வேறு மாதிரி ஆகிவிடும். சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர், எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையும்தான். நேற்றுவரை பொழுது சாய்ந்தால் டாஸ்மாக் வாசலில் நின்றவர், இன்று விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சரணம் சொல்கிறார். வீட்டுக்காரம்மாவுக்கு 48 நாள் நிம்மதி. மாலையைக் கழற்றிய பிறகு என்ன நடக்கும் என்பதைப் பல வீடுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேலிக்காக இதைச் சொல்லவில்லை. அந்த 48 நாளில் அவருக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று பாருங்கள். சாயங்காலம் போக ஒரு பஜனை, உடன் இருக்க ஒரு கூட்டம், தட்டிக் கேட்க ஒரு குருசாமி. தெருவில் எல்லாரும் அவரை ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள். 49ஆம் நாள் இத்தனையும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. சாயங்காலம் ஆறு மணி மட்டும் அப்படியே வருகிறது. குடிநோய் சிகிச்சையின் பெரும்பகுதி இந்த ஆறு மணியைப் பற்றியதுதான்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீரக் குடிக்கிற நிலைக்கு வந்தவர், சாமி மேல் சத்தியம் செய்துவிட்டுத் திடீரென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குச் சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரியும், இல்லாத ஆளோடு பேசுவார்கள். ‘காத்து கருப்பு’ என்று மந்திரிக்க அழைத்துப் போகிறவர்கள் இன்றும் உண்டு. அது உயிருக்கே ஆபத்தான நிலை. மருத்துவமனையில் டயசிபாம் போன்ற மருந்தை முதலில் போதுமான அளவு கொடுத்துப் படிப்படியாகக் குறைத்து, ஒரு வாரத்தில் கரை சேர்த்துவிடுவார்கள். கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி. ‘தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்’ என்று கேட்பது நம் வழக்கம். நெடுநாள் குடித்தவருக்குத் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குடிப்பழக்கம் இருப்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

‘அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கிற பொடியையும் இங்கேயே பேசிவிடலாம். டைசல்பிரம் என்று ஒரு மருந்து உண்டு. அது உடலில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரியும். எல்லாம் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் சாப்பிடுகிறவருக்கு அது உதவும். ரசத்தில் ரகசியமாகக் கலப்பது கொலைக்குச் சமம். என்ன பொடி என்றே தெரியாமல் கலப்பது அதைவிட மோசம்.

இனி நம் ஊர் விஷயம். தாம்பரம் சானடோரியம் என்றால் பலருக்கு அது ஒரு ரயில் நிலையம். 1928இல் டாக்டர் சவுரி முத்து பச்சைமலை அடிவாரத்தில் தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. காசநோய்க்கும் குடிக்கும் உள்ள உறவு நெருக்கமானது. குடி, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது. காசநோய் மாத்திரைகள் கல்லீரலுக்குச் சுமை, சாராயமும் அதே கல்லீரலைத்தான் அடிக்கிறது. போதையில் மாத்திரை விட்டுப்போகும். விட்டுப்போனால் மருந்துக்கு அடங்காத காசநோய் வரலாம். 2011இல் வெளியான ஓர் ஆய்வுக்காகச் சென்னையில் காசநோயாளிகள் 490 பேரிடம் கேட்டபோது, பத்தில் மூன்று பேர் குடிப்பதாகச் சொன்னார்கள். அத்தனை பேரும் ஆண்கள். சளிப் பரிசோதனைக்கு வருகிறவரிடம் ‘குடிப்பீங்களா, எவ்வளவு?’ என்று மரியாதையாகக் கேட்டாலே சிகிச்சைக்கு ஒரு வாசல் திறக்கும் என்பேன்.

அந்த வாசல்தான் நம் நாட்டில் குறைவு. 2019இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மனநல மருத்துவர்களை மட்டும் நம்பி இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

கோவாவில் ஒரு வழி காட்டினார்கள். சங்காத் என்ற தொண்டு நிறுவனம், பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக உட்காரவைத்தது. அளவுக்கு மீறிக் குடித்தாலும் முற்றிய நிலைக்குப் போகாத ஆண்கள் 377 பேர். அதிகபட்சம் நாலு தடவை பேச்சு. அறிவுரைப் பிரசங்கம் கிடையாது. எந்த நேரத்தில் கை கிளாஸைத் தேடுகிறது, சம்பள நாளில் எந்த வழியாக வீட்டுக்குப் போவது, கூட்டாளி ‘ஒரே ஒரு ரவுண்டு’ என்றால் என்ன பதில் சொல்வது என்ற ரகப் பேச்சு. மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, கடந்த இரண்டு வாரமாகத் தொடவே இல்லை என்றவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 42 சதவீதம், பெறாதவர்களில் 18 சதவீதம். லான்செட் இதழ் 2017இல் அச்சிட்ட முடிவு இது. குருசாமி வேலையைத்தான் அந்த ஆலோசகர்கள் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

முற்றிய நிலைக்கு மருந்தும் வேண்டும். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் குடிக்கும் தவிப்பைத் தணிப்பவை. 2023இல் ஜாமா இதழ் 118 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அகாம்ப்ரோசேட்டைப் பதினொரு பேருக்குக் கொடுத்தால், மறுபடி குடிக்கப் போகிறவர்களில் ஒருவர் கூடுதலாகத் தப்புகிறார். அற்புதம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஒருவர் நம் வீட்டுக்காரராக இருந்தால் அது போதும்.

சென்னைக்கு இதில் ஒரு முன்வரலாறு உண்டு. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் அவர் பெயரிலேயே டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்திரா நகரில் இருக்கும் அதன் மருத்துவமனையில் நோயாளியோடு குடும்பத்துக்கும் ஆலோசனை உண்டு. திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டு வைத்தியம் பார்த்தார்கள்.

தென்சென்னைப் புறநகரில் இன்று ‘மறுவாழ்வு இல்லம்’ என்ற பலகைகள் நிறைய. சில இடங்களில் மருத்துவரே கிடையாது, அடி உதை மட்டும்தான். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சம்மதிக்காத ஒருவரைச் சேர்க்க, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். வண்டி அனுப்பி ஆளைத் தூக்கிக்கொண்டு போவது சிகிச்சையில் சேராது.

உதவிக்கு 14446 என்ற இலவச எண்ணைக் கூப்பிடலாம். தனியார் மையத்துக்குப் போனால் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எந்த மனநல மருத்துவர் வருகிறார், எந்தெந்தக் கிழமை? முதல் மூன்று நாள் இரவில் நர்ஸ் இருப்பாரா? வீட்டு ஆட்கள் பார்க்க வரலாமா? வீட்டுக்கு அனுப்பிய பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பீர்கள்? பதில் சொல்ல இழுத்தால், கட்டிய முன்பணத்தைப் பற்றி யோசிக்காமல் வேறு இடம் பாருங்கள்.