கடுங்குளிரில் ஒரு கூடாரம்



நம் நாட்டுப் பள்ளிகளில் சாரணர் இயக்கத்தில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் பலர் கூடாரம் அடித்து வெளியில் தங்கிப் பழகியிருப்பார்கள். மழை உள்ளே வரக்கூடாது. கொசு உள்ளே வரக்கூடாது. கொஞ்சம் காற்று வந்தால் நல்லது. நம்முடைய கூடாரத்திடம் நாம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான். நள்ளிரவில் அது சரிந்து விழுந்தாலும், நனைந்தபடியே சிரித்துக்கொண்டு பக்கத்துக் கூடாரத்தில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். ஆனால், நீர் உறையும் நிலைக்கும் இருபது, முப்பது பாகை கீழே குளிர் இறங்கிவிடுகின்ற பனிநிலங்களில், கூடாரம் விழுவது உயிருக்கே ஆபத்தாக முடியும். அத்தகைய இடத்திற்கு ஏற்ற கூடாரத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பயன்படுத்துவது என்பதையே இன்று நாம் காணவிருக்கின்றோம்.

ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் மட்டுமே கண்ட நமக்கு இந்தச் செய்தி எதற்கு என்று சிலர் எண்ணலாம். 1997ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் எம். மகேந்திரன், என். மோகனதாஸ் என்னும் இரு மலேசியத் தமிழர்கள் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் நம் நாட்டுக் கொடியை நாட்டினார்கள். தெற்கு வழியாக அச்சிகரத்தில் ஏறுவோர் ஏறத்தாழ 7,900 மீட்டர் உயரத்தில், காற்று ஓயாமல் வீசும் ஒரு கணவாயில் கூடாரம் அடித்துத் தங்கிய பிறகே உச்சியை நோக்கிப் புறப்படுகின்றனர். அந்த இருவரைத் தொடர்ந்து நம் இளைஞர்கள் நேப்பாளத்திற்கும் நியூசிலாந்திற்கும் மலையேறச் செல்கின்றனர். வெப்ப நாட்டில் பழகிய பழக்கங்கள் அங்கே நம்மைத் தவறான வழியில் இட்டுச் செல்லக்கூடும். ஆதலால் நாம் இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். தடித்த துணியால் ஆன கூடாரம் கதகதப்பாக இருக்கும் என்று பலரும் நினைக்கின்றனர். கூடாரம் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை உண்டாக்குவது நம் உடல். அந்த வெப்பத்தைப் பிடித்து வைத்திருப்பவை உடையும் உறக்கப்பையும். அவற்றின் இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றே நம்மைக் குளிரிலிருந்து காக்கிறது. வெளியில் வீசும் காற்று அந்த வெப்பத்தைக் கொள்ளை கொண்டுபோய்விடும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 10 பாகை செல்சியசாக இருக்கும்போது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் நம் முகத்திற்கு அது உறைநிலைக்குக் கீழே 21 பாகையைப் போல் இருக்கும். ஆகவே, காற்றைத் தடுத்து நிறுத்துவதே கூடாரத்தின் முதற்கடமை.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது கூடாரத்தின் மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். மாலையில் உறுதியாக நின்ற கூடாரம் இரவில் பறந்துபோவதற்கு இதுவே காரணம்.

1911ஆம் ஆண்டில் அண்டார்க்டிகாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். ராபர்ட் ஸ்காட் தலைமையில் சென்ற ஆய்வுக் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் என்னும் மூவர், பேரரசப் பென்குயின் பறவையின் முட்டைகளைத் தேடி, தென்துருவக் குளிர்காலத்தின் முழு இருளில், கேப் குரோசியர் என்னும் முனைக்குப் பயணமானார்கள். ஜூலை மாதம் அங்கே பெரும்புயல் ஒன்று வீசியது. அவர்கள் கல்லால் கட்டிய சிறு குடிலின் அருகே அடித்திருந்த கூடாரத்தைப் புயல் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. பிறகு குடிலின் மேலிருந்த கித்தான் கூரையும் கிழிந்து பறந்தது. உறக்கப்பைக்குள் சுருண்டு, மேலே பனி மூட, மூவரும் புயல் தணியும்வரை கிடந்தனர். கூடாரம் இல்லாமல் தங்கள் தளத்திற்குத் திரும்பிச் செல்ல இயலாது என்பதை அவர்கள் நன்கு அறிவார்கள். புயல் சற்று ஓய்ந்ததும் தேடினார்கள். ஏறக்குறைய அரை மைல் தொலைவில், சரிவின் அடியில், கால்கள் மடங்கி மூடிய நிலையில் கூடாரம் கிடைத்தது. அதனாலேயே மூவரும் உயிருடன் திரும்பினார்கள். அதன் பிறகு உறங்கும்போது பவர்ஸ் கூடாரத்தைக் கயிற்றால் தம் உடலோடு பிணைத்துக்கொண்டார்.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைப் பார்ப்போம். நம் சாரணர்கள் பயன்படுத்துகின்ற, இரண்டு கம்பங்களின் மேல் வீட்டுக் கூரைபோல் நிற்கும் கூடாரம் பெருங்காற்றுக்கு ஏற்றதன்று. அதன் அகன்ற தட்டையான பக்கம் பாய்மரம்போல் காற்றை வாங்கிக்கொள்ளும். கடுங்குளிர் நிலங்களில் மூன்று வடிவங்கள் பயன்படுகின்றன. முதலாவது, வளையும் கம்பிகள் பல இடங்களில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டி நிற்கும் குவிமாட வடிவம். எத்திசையிலிருந்து காற்று வந்தாலும், பனியின் பாரம் மேலே விழுந்தாலும் இது தாங்கும். மலையேறுவோர் பெரிதும் விரும்புவது இதுவே. இரண்டாவது, வளையங்களை வரிசையாக நிறுத்திய சுரங்க வடிவம். இது எடை குறைந்தது. உள்ளே இடமும் அதிகம். ஆனால், இதன் குறுகிய முனையைக் காற்றை நோக்கி நிறுத்த வேண்டும். காற்றின் திசை மாறிப் பக்கவாட்டில் அடித்தால் இது துன்பப்படும். மூன்றாவது, நான்கு கால்கள் உச்சியில் கூடும் பிரமிட் வடிவம். ஸ்காட் காலத்திலிருந்து அதிகம் மாறாத இவ்வடிவத்தைப் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வுக் குழுவினர் இன்றும் பயன்படுத்துகின்றனர். இது மிகவும் கனமானது. முதுகில் சுமந்து செல்ல இயலாது. பனிச்சறுக்கு வண்டியில் ஏற்றிச் செல்வோருக்கே இது பொருந்தும்.

எந்த வடிவமானாலும் இரட்டைச் சுவர் இருப்பது நலம். உட்சுவர் நீராவியை வெளியே விடும் மெல்லிய துணியாகவும், வெளிச்சுவர் காற்றையும் பனியையும் தடுக்கும் துணியாகவும் இருத்தல் வேண்டும். கம்பிகள் உறுதியான அலுமினியமாக இருக்கட்டும். வெளிச்சுவரின் அடியில் பாவாடைபோல் விரியும் விளிம்பு இருந்தால், அதன்மேல் பனியை அள்ளிப் போட்டுக் கூடாரத்தை அழுத்தி நிறுத்தலாம். மஞ்சள், செம்மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறம், வெண்பனியின் நடுவே வழி தவறியவருக்கும் தேடி வருபவருக்கும் கண்ணில் படும். இவற்றோடு இன்னொன்றையும் கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். தடித்த கையுறை அணிந்த கையால் அந்தக் கூடாரத்தின் கொக்கிகளையும் பல்லிணைப்பையும் இயக்க முடிகிறதா? வெறுங்கையால் மட்டுமே அடிக்கக்கூடிய கூடாரம் கடுங்குளிருக்கு உதவாது.

அடுத்து, அடிக்கும் முறை. பனிச்சரிவு உருண்டு வரக்கூடிய மலைச்சரிவின் கீழே ஒருபோதும் தங்கக் கூடாது. இடத்தைத் தேர்ந்தபின், புதிய பனியைக் காலால் நன்கு மிதித்துத் தரையைச் சமப்படுத்தி, அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும். மிதிபட்ட பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். கூடாரத்தைப் பையிலிருந்து எடுக்கும்போதே அதன் ஒரு முனையைக் கட்டிவிட வேண்டும். கையிலிருந்து நழுவிய கூடாரத்தைக் காற்று திருப்பித் தராது.

நாம் மண்ணில் அடிக்கும் சிறு முளைகள் பனியில் நிற்கமாட்டா. அங்கே ஒரு குச்சியையோ, பனி நிரப்பிய பையையோ இழுகயிற்றில் கட்டி, குறுக்கு வாட்டில் குழியில் கிடத்தி, மேலே பனியைப் போட்டு மிதிக்கின்றனர். சிறிது நேரத்தில் அது பாறையில் பதித்ததுபோல் இறுகிவிடும். எல்லா இழுகயிறுகளையும் கட்ட வேண்டும். வானம் தெளிவாக இருக்கிறதே என்று இரண்டு மூன்றை விட்டுவிட்டால், நள்ளிரவில் புயலின் நடுவே எழுந்து கட்ட நேரிடும். காற்று வரும் பக்கத்தில் பனிக்கட்டிகளை அடுக்கி ஒரு சுவர் எழுப்புவதும் பெரிதும் உதவும். பனி அள்ளும் மண்வெட்டியை வாயிலின் உட்புறத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்குள் வாயிலைப் பனி மூடிவிட்டால், வெளியில் கிடக்கும் மண்வெட்டியால் யாருக்கு என்ன பயன்?

காற்றைத் தடுத்தாயிற்று. இனி உள்ளே இருக்கும் ஈரத்தைக் கவனிப்போம். உறங்கும் ஒருவரின் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஓர் இரவில் ஏறத்தாழ ஒரு குவளை நீர் ஆவியாக வெளியேறுகிறது. காற்றோட்டம் இல்லாத கூடாரத்தில் அந்த ஆவி சுவரில் பட்டு உறைந்து, அசையும்போதெல்லாம் நம்மீது உதிரும்; பிறகு உருகி உறக்கப்பையை நனைக்கும். முன்பு சொன்ன மூவரின் உறக்கப்பைகளும் புறப்படும்போது 52 இராத்தல் எடை இருந்தன. ஐந்து வாரம் கழித்துத் திரும்பியபோது அவற்றின் எடை 118 இராத்தல். ஏறிய எடை முழுவதும் உறைந்த ஈரமே! ஈரமான பையில் அசையாக் காற்று தங்குவதற்கு இடம் ஏது?

ஆகையால், எவ்வளவு குளிராக இருந்தாலும் கூடாரத்தின் மேல்துவாரத்தைத் திறந்தே வைக்க வேண்டும். குளிர் தாங்காமல் எல்லாவற்றையும் இறுக மூடிவிடுவதே நம்மைப் போன்ற வெப்ப நாட்டவர் செய்யக்கூடிய முதல் தவறு. மூக்கையும் வாயையும் உறக்கப்பைக்குள் புதைத்துக்கொண்டு மூச்சு விடுவதும் கூடாது. கம்பளித் தொப்பி அணிந்து முகத்தை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளலாம். கீழிருந்து ஏறும் குளிருக்குப் பாய் வேண்டும். உடலின் பாரத்தால் உறக்கப்பையின் அடிப்புறம் நசுங்கிவிடுவதால், அங்கே காற்று தங்குவதில்லை. ரப்பர் நுரைப்பாய் ஒன்றும் காற்றடைத்த பாய் ஒன்றுமாக இரண்டை அடுக்கிக்கொள்வது நல்லது.

மூன்றாவதாக, அடுப்பு. பனிநிலத்தில் குடிநீர் வேண்டுமானாலும் பனியை உருக்கித்தான் ஆக வேண்டும். அதனால் அடுப்பு இல்லாமல் முடியாது. ஆனால், மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை வெளியிடுகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 1934ஆம் ஆண்டில் அமெரிக்க அட்மிரல் ரிச்சர்ட் பேர்ட் அண்டார்க்டிகாவில் பனிக்கடியில் புதைந்த ஒரு குடிலில் தன்னந்தனியாகத் தங்கினார். அடுப்பிலிருந்தும் மின்னாக்கி இயந்திரத்திலிருந்தும் வந்த இந்த நச்சு வாயு அவரைச் சாகும் நிலைக்குக் கொண்டுவந்தது. ஆகஸ்ட் மாதத்தில் தோழர்கள் மூவர் வந்து சேர்ந்த பிறகே அவர் தேறினார். எனவே, சமையலைக் கூடாரத்தின் வாயிலை ஒட்டிய திண்ணைப் பகுதியில், கீழும் மேலும் காற்று போய்வரும்படி திறந்துவைத்தே செய்ய வேண்டும். தலைவலியோ மயக்கமோ தோன்றினால், அடுப்பை அணைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும். அடுப்பை எரியவிட்டு ஒருபோதும் உறங்கக் கூடாது. நைலான் துணியில் தீ பட்டால் நொடியில் உருகி எரிந்துவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் கூடாரத்தின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. 1912ஆம் ஆண்டு தென்துருவத்தை அடைந்து திரும்பும் வழியில், ஸ்காட்டும் வில்சனும் பவர்சும் புயலால் தடுக்கப்பட்டுக் கூடாரத்தினுள் மாண்டார்கள். முந்திய ஆண்டில் கேப் குரோசியரிலிருந்து உயிர்தப்பி வந்த அதே வில்சனும் பவர்சும்தான் இவர்கள். உணவுக் கிடங்கு பதினொரு மைல் தொலைவில் இருந்தது. நவம்பர் 12ஆம் நாள் தேடிச் சென்றவர்கள் பனியில் புதைந்து நின்ற அந்தக் கூடாரத்தைக் கண்டனர். தேடிச் சென்றவர்களுள் செர்ரி-கேரார்டும் ஒருவர். எட்டு மாதக் குளிரிலும் கூடாரம் விழவில்லை; உள்ளே நாட்குறிப்புகளும் கெடாமல் இருந்தன. ஆனால், உணவும் எரிபொருளும் தீர்ந்துபோன மனிதர்களை அந்தக் கூடாரத்தால் காப்பாற்ற முடியவில்லை. ஆகவே, கூடாரத்தின் மேல் நம்பிக்கை வைத்து உணவையும் எரிபொருளையும் குறைத்துக்கொண்டு போகலாகாது. வானிலை கெடும் என்று தெரிந்தால் புறப்படாமல் இருப்பதே அறிவுடைமை.

நேயர்களே, குளிர்நாட்டுக்குப் புறப்படும் இளைஞர் யாரேனும் உங்கள் இல்லத்தில் இருந்தால், வாங்கிய கூடாரத்தை அப்படியே விமானத்தில் ஏற்றிவிடாதீர்கள் என்று சொல்லுங்கள். வீட்டு முற்றத்திலோ பள்ளித் திடலிலோ அதைப் பத்து முறையாவது அடித்துப் பிரிக்கட்டும். கையுறை அணிந்து ஒரு முறை, இருட்டில் ஒரு முறை, மழைக்காற்று வீசும்போது ஒரு முறை செய்து பார்க்கட்டும். அக்கம்பக்கத்தார் பார்த்துச் சிரித்தால் சிரிக்கட்டும். பனிக்காற்றில் விரல் மரத்துப்போகும் வேளையில், மூளை மறந்தாலும் கை மறவாமல் வேலை செய்யும். அந்தப் பழக்கத்தை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.