திரையின் பூட்டு

34 ஆண்டுகள் ஆசிரியத் தொழிலில் இருந்தவன் நான். அவற்றுள் கடைசி 11 ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து, விதிகளுக்குக் கீழ்ப்படிய வேண்டியதன் அவசியத்தைப் பல நூறு பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னேன். அப்படிப்பட்ட நான், ஓய்வு பெற்ற பின்னர், காசு கொடுத்து ஒரு பூட்டை உடைக்கச் செய்தேன். அது பிறர் வீட்டுப் பூட்டு அன்று. என் சொந்தக் காருக்குள் இருந்த பூட்டு. ஆகவே என்னை எவரும் திருடன் என்று சொல்லமாட்டார்கள். ஆயினும் அந்தச் செய்தியை உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று என் மனம் வற்புறுத்துகிறது.

இக்காலத்துக் கார்கள் பலவற்றில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை பொருத்தப்பட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். போக வேண்டிய ஊரின் பெயரை அதில் எழுதினால், அது வரைபடத்தைக் காட்டும். இடப்புறம் திரும்பு, வலப்புறம் திரும்பு என்று குரலாலும் சொல்லும். இந்த வழிகாட்டிக் கருவிக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது. 1981-இல் ஜப்பான் நாட்டு ஹோண்டா நிறுவனத்தார் கொண்டுவந்த கருவியில் செயற்கைக்கோளின் உதவி ஏதும் இல்லை. வண்டி சென்ற தூரத்தையும் திரும்பிய திசையையும் தானே அளந்து, ஒளி ஊடுருவும் வரைபடத் தாளின்மேல் வண்டி இருக்கும் இடத்தை அது காட்டிற்று. செயற்கைக்கோள்களின் துணையால் இடம் அறியும் கருவியோடு கூடிய கார், 1990-இல் அதே நாட்டில் வெளிவந்தது. இன்று அக்கருவி நடுத்தரக் குடும்பத்தாரின் வண்டிகளிலும் ஏறி அமர்ந்துவிட்டது.

இந்தத் திரைக்கு இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று, எச்சரிக்கை. பல கார்களில், வண்டியைக் கிளப்பியதும், ‘சாலையில் கவனம் வையுங்கள்’ என்னும் பொருள்பட ஓர் அறிவிப்புத் தோன்றும். அதை ஏற்றுக்கொண்டதாக ஒரு விரல் தொட்டுச் சொல்ல வேண்டும். மற்றொன்று, பூட்டு. வண்டி நகரத் தொடங்கியதும் எழுத்துகள் மங்கிவிடும், ஊர்ப் பெயரை எழுத இயலாது, திரைப்படம் ஓடாது. வண்டி நின்றால்தான், சில கார்களில் கைப்பிரேக்கையும் இழுத்தால்தான், திரை மீண்டும் நம் விரலுக்கு இணங்கும்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று கேட்கலாம். கணக்கு மிக எளியது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, இரண்டு விநாடியில் ஏறத்தாழ 33 மீட்டர் தூரம் ஓடிவிடுகிறது. அமெரிக்க நாட்டின் சாலைப் பாதுகாப்புத் துறையினர் 2013-இல் கார் உற்பத்தியாளர்களுக்குச் சில நெறிகளை வகுத்துக் கொடுத்தனர். ஓட்டுபவர் திரையில் ஒரு வேலையைச் செய்யும்போது, ஒவ்வொரு முறையும் கண் சாலையைவிட்டு விலகும் நேரம் இரண்டு விநாடிக்கு மேற்படலாகாது. அந்த வேலை முழுவதற்குமாகச் சேர்த்து 12 விநாடிக்கு மேற்படலாகாது என்பது அவற்றுள் ஒன்று. பன்னிரண்டு விநாடி என்றால், நான் சொன்ன வேகத்தில், 200 மீட்டர். ஓர் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி எழுதுவதற்குள் நாம் ஒரு கடைத்தெருவையே கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடலாம் அல்லவா?

இதை அறிந்திருந்தும் நான் ஏன் பூட்டை உடைத்தேன்? என் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறைக்கு அருகில் ஒரு திருமணத்திற்குப் புறப்பட்டோம். கும்பகோணத்தில் பாலம் பழுது பார்க்கிறார்கள் என்று சாலையைத் திருப்பிவிட்டிருந்தார்கள். முகூர்த்தத்திற்கு நேரமாகிறது. பக்கத்தில் அமர்ந்திருந்த என் துணைவியார் வேறு வழி காண்பதற்காகத் திரையில் எழுதப் பார்த்தார். திரை மறுத்துவிட்டது. ஓட்டுபவன் விரல் எது, பக்கத்தில் இருப்பவர் விரல் எது என்று அதற்குத் தெரியாது. “நான் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறேன்! என்னை எதற்குத் தடுக்கிறது?” என்று அவர் கேட்டார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரமே ஒரு பட்டறைக்குச் சென்றேன். அங்கிருந்த மெக்கானிக் கால் மணி நேரத்தில் காரியத்தை முடித்தார். வண்டி எப்போதும் நின்றுகொண்டிருக்கிறது என்று கருவியை நம்ப வைத்துவிட்டார், அவ்வளவுதான். கருவியிடம் ஒரு பொய் சொன்னோம்; கருவி அதை மெய்யென்று ஏற்றுக்கொண்டது. கைப்பேசியில் உள்ள சில வழிகாட்டிச் செயலிகளும் இப்படித்தான். வண்டி ஓடும்போது எழுத முற்பட்டால் தடுக்கும். ‘நான் ஓட்டுபவன் அல்லன், பயணி’ என்று தொட்டுவிட்டால் வழிவிடும். வாயால் சொன்னால் நாக்கூசும் பொய்யை விரலால் சொல்லும்போது எவரும் பொருட்படுத்துவதில்லை.

இரண்டு திங்கள் கழிந்தன. பாபநாசத்திற்கு அப்பால் இருக்கும் ஒரு சிற்றூரில் என் பழைய மாணவர் ஒருவர் வீடு கட்டிக் குடிபுகுந்திருந்தார். ஒரு மாலைப் பொழுதில் நான் தனியாகப் புறப்பட்டேன். ஊருக்குள் நுழையும் கிளைச் சாலையில், தெருவின் பெயரைத் தவறாக எழுதியிருப்பது கண்ணில் பட்டது. ஓர் எழுத்துத்தான் பிழை. வண்டியை நிறுத்துவானேன் என்று கையை நீட்டினேன். பிழை திருத்துவது என் தொழில் அல்லவா! நிமிர்ந்து பார்த்தபோது, எதிரில் சைக்கிளில் ஒரு பையன். பள்ளிச் சீருடை, முதுகில் புத்தகப் பை. பிரேக்கை மிதித்தேன். வண்டி இழுத்துக்கொண்டு போய் அவனுக்கு ஒரு முழத் தொலைவில் நின்றது. அவன் சைக்கிளோடு வரப்பில் சாய்ந்து, எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டான். என்னை ஏறிட்டுப் பார்த்து, “தாத்தா, ரோட்டைப் பார்த்து வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

நேயர்களே, அந்தச் சொல்லை அதுவரை எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொல்லியிருக்கிறேன். அன்று அது எனக்குச் சொல்லப்பட்டது. நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவன் திருப்பத்தில் மறைந்துவிட்டான்.

வீடு திரும்பிய பிறகு எண்ணிப் பார்த்தேன். பூட்டைத் திறந்தது என் துணைவியாரின் கைக்காக. அவர் இல்லாத நாளில் அந்தத் திறப்பில் நுழைந்தது என் கை. பிறருக்கென்று கேட்டுப் பெறும் விலக்கு, கேட்டவனையே முதலில் கெடுக்கிறது. வள்ளுவப் பெருந்தகை பொச்சாவாமை என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். நலமாக இருக்கிறோம் என்ற நினைப்பில் வரும் சோர்வைத்தான் அவர் அங்கே கடிந்துரைக்கிறார். அன்று எனக்கு வந்ததும் அந்தச் சோர்வே.

இதனால் பூட்டு அமைத்தவர்களிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடத்து மணியை ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை அடித்தால் எந்தப் பிள்ளை எழுந்திருப்பான்? நாள்தோறும் ஒரே அறிவிப்பைக் காட்டி ஏற்றுக்கொள்ளச் சொன்னால், விரல் ஏற்றுக்கொள்ளும்; மனம் அதைப் படிக்காது. 1974-ஆம் ஆண்டு மாதிரிக் கார்களில் அமெரிக்கர்கள் ஒரு பரிசோதனை செய்தனர். முன் இருக்கையில் இருப்பவர்கள் சீட் பெல்ட் அணிந்தாலன்றி வண்டி கிளம்பாது என்று அமைத்தனர். இருக்கையில் மளிகைப் பையை வைத்தாலும் அதற்கும் பெல்ட் மாட்டு என்று வண்டி அடம்பிடித்தது. மக்கள் சினந்தனர், பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்துகொண்டனர். அவ்வாண்டு அக்டோபர் மாதத்திலேயே அந்நாட்டு நாடாளுமன்றம் அத்தகைய கட்டாயப் பூட்டுக்குத் தடை விதித்தது. பெல்ட் அணிய வேண்டும் என்று 1984-இல் நியூயார்க் மாநிலம் முதலில் சட்டம் செய்தது. ஏனைய மாநிலங்கள் பலவும் பின்தொடர்ந்தன. கருவியின் கட்டாயத்தால் ஆகாதது, சட்டத்தாலும் பழக்கத்தாலும் பின்னர் பெரும்பாலும் கைகூடிற்று.

நம் நாட்டிலும் இக்கதை உண்டு. பெல்ட் அணியாதவரை எச்சரிக்கும் ஒலியை அடக்குவதற்கென்றே ஒரு சிறு உலோகத் துண்டு விற்பனைக்கு வந்தது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் இணைய வணிக நிறுவனங்கள் ஐந்துக்கு ஆணையிட்டு, 13,000-க்கு மேற்பட்ட விற்பனைப் பதிவுகளை நீக்கச் செய்தது. அந்தத் துண்டை வாங்கியவர்கள் ஒலியை வெறுத்தார்கள். ஒலி எதற்காக எழுந்ததோ அந்த ஆபத்து இருந்த இடத்திலேயே இருந்தது.

சட்டத்தையும் பார்ப்போம். ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதை, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தாக ஓட்டும் குற்றத்தோடு சேர்த்தது. வழி அறிவதற்கு மட்டும், அதுவும் ஓட்டுபவரின் கவனம் கலையாத வகையில், அதைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் நாளில் நடைமுறைக்கு வந்த விதி இடம் கொடுத்தது. கவனம் கலைந்ததா, இல்லையா என்று அந்தக் கணத்தில் சொல்லக்கூடியவர் யார்? ஓட்டுபவர் ஒருவரே. தேர்வு எழுதுபவனே மேற்பார்வையாளனாகவும் இருக்க வேண்டிய இடம் அது.

உற்பத்தியாளர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. பக்கத்து இருக்கையில் ஆள் இருப்பதைக் காருக்கு உணர்த்தும் அமைப்பு முன்னமே இருக்கிறது. ஒரே திரையில் ஓட்டுபவருக்கு ஒரு காட்சியும் பக்கத்தில் இருப்பவருக்கு வேறொரு காட்சியும் தெரியும் முறையும் சில விலையுயர்ந்த கார்களில் வந்துவிட்டது. நியாயமான கைக்குத் திறக்கும் பூட்டைச் செய்து கொடுத்தால், அதை உடைக்க விரும்புவோர் குறைவார்கள்.

அதுவரை நாம் செய்யத்தக்கவை எளியவை. புறப்படுமுன், வீட்டு வாசலிலேயே ஊர்ப் பெயரை எழுதிவிடுங்கள். வழியில் மாற்ற வேண்டியிருந்தால், ஓரமாக நிறுத்துங்கள்; இரண்டு நிமிடத்திற்கு மேல் ஆகாது. உடன் வருபவர் தம் கைப்பேசியில் பார்த்து வாயால் சொல்லட்டும். எவரும் இல்லையென்றால், கண்ணாடியை இறக்கித் தேநீர்க் கடைக்காரரைக் கேளுங்கள். செயற்கைக்கோள்களுக்குத் தெரியாத குறுக்குச் சந்தும் அவருக்குத் தெரியும்.

நான் மறுநாளே அதே பட்டறைக்குச் சென்று, பூட்டைப் பழையபடி மாட்டச் சொன்னேன். “எல்லாரும் இதை எடுக்கச் சொல்லித்தான் வருவாங்க சார். மாட்டச் சொல்லி வந்த முதல் ஆள் நீங்கதான்” என்று மெக்கானிக் சிரித்தார். கூலி வாங்க மறுத்தார். நான் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது என் காரில் திரை மறுபடி மங்குகிறது. என் துணைவியாருக்கு அதன்மேல் இருக்கும் கோபம் தீரவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்றே நானும் சொல்கிறேன். ஆயினும் பாபநாசத்துப் பையன் மாலைதோறும் சைக்கிளில் வீடு திரும்புகிறான் என்பதை நினைக்கும்போது, அந்த மங்கிய திரை எனக்கு இடையூறாகத் தோன்றுவதில்லை.